மூலையில் ஒரு சிறு அம்பு

சோற்றுப் பொட்டலம் இல்லை, தாராளமாக உட்காருங்கள். இந்தப் பெட்டியில் ஹார்ட் டிஸ்க். கம்ப்யூட்டருக்குள் இருப்பது. தரையில் வைத்தால் பஸ் குலுக்குகிற குலுக்கலில் மிச்சமிருப்பதும் போய்விடும் என்று கடைக்காரர் எச்சரித்தார், அதனால்தான் மடியில். அரை டிக்கெட் போடட்டுமா என்று கண்டக்டர் கேலி செய்துவிட்டுப் போகிறார்.

கரூர் வரையா? நல்லது. நான் பல்லடத்தில் இறங்கிவிடுவேன். ஒரு காதில் இருப்பதை மட்டும் எடுத்தால் போதும், மற்றதில் பாட்டு ஓடட்டும். ஒரு காது எனக்குத் தாராளம். வீட்டில் அதுகூடக் கிடைப்பதில்லை. வீட்டுக்குப் பின்னாலேயே தறிக்குடோன். தறி ஓடும்போது யாரும் யாரிடமும் எதையும் சொல்ல முடியாது. எங்கள் குடும்ப ஒற்றுமைக்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

வேலையா? வேலை ஒன்றுமில்லை. வீட்டில் சும்மாதான் இருக்கிறேன். படித்தது பொருளாதாரம். எம்.ஃபில். முடித்து, முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து, பாதியில் நின்றது. பாதி என்பதுகூட மிகை. முதல் இயலில் நின்றது. திருமணம். குழந்தை இல்லை. கேட்க நினைத்தீர்கள், கேட்காமல் விட்டீர்கள், நன்றி. இதையெல்லாம் சொல்லி அழுவதற்கு நான் பஸ் ஏறவில்லை. நான் அழுகிற ஆள் இல்லை, உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிற ஆள். பொய் எனக்கு ஆகாது. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். ஏனென்றால், கேட்கக் கேட்க, நான்தான் ஏதோ பொய் சொன்னது போல உங்களுக்குத் தோன்றும்.

என் கணவர் பெயர் மோகனசுந்தரம். நான் பெயர் சொல்வேன். முதல் தடவை சொன்னபோது என் மாமியார் கையிலிருந்த சொம்பை நழுவவிட்டார், இப்போது பழகிவிட்டது. மோகனசுந்தரம் நல்ல மனிதர். குடிப்பதில்லை, கத்துவதில்லை, கை நீட்டுவதில்லை. இந்தக் கதையில் கெட்டவர் யாரும் இல்லை, அதைத் தேடாதீர்கள்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி மூடியபோது அங்கிருந்த கம்ப்யூட்டர் ஒன்றை அவர் வாங்கி வந்தார். தறிக் கணக்குக்கும் பில் போடுவதற்கும். கணக்குப் பார்ப்பதும் பில் போடுவதும் நான். அது வேலையில் சேராது, அரைமணி நேரச் சங்கதி. அந்தக் கம்ப்யூட்டரில் யாரோ ஒருவர் ஒரு விளையாட்டை விட்டுவிட்டுப் போயிருந்தார். இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அழிக்கத்தான் திறந்தேன். அழிப்பதற்கு முன் என்னதான் இருக்கிறது என்று பார்ப்போமே என்று.

ஒரு மலைநாடு. பனி பெய்துகொண்டிருக்கிறது. ஒரு கதவு. கதவைத் திறந்து வெளியே போனேன். போய்க்கொண்டே இருந்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை. எங்கே கிளம்பிவிட்டாய் என்று ஒருவர் கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. மறுநாளும் போனேன்.

அப்புறம்தான் மாட் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. மாடு இல்லை, மாட். விளையாட்டைச் செய்த கம்பெனி ஒரு மாதிரி செய்து வைத்திருக்கும். உலகத்தில் எங்கேயோ இருக்கும் யாரோ ஒருவர் அதன்மேல் ஒரு ஒட்டுப் போட்டு, மழையை இன்னும் மழையாக்குவார், மரத்துக்குப் பட்டை வைப்பார். இலவசம். நமக்கு வேண்டியதை எடுத்து நிறுவிக்கொள்ளலாம். கொள்ளையர் வராமல் இருக்க ஒரு மாட் போட்டேன். தெருவில் போகிறவர்கள் நின்று நலம் விசாரிக்காமல் இருக்க ஒன்று. எனக்கு அங்கே ஒரு வீடு கொடுத்தார்கள், அதில் அடுப்பும் அண்டாவுமாக ஒரு சமையலறை இருந்தது. சமையலறை இல்லாத வீடு ஒன்றை ஒரு மாதம் தேடிப் பிடித்து நிறுவினேன். ஒரே அறை. பெரிய சன்னல். கதவில் உள்தாழ்ப்பாள். தாழ்ப்பாளுக்கு மட்டும் தனி மாட்.

ஆனால் விளையாடினேன் என்று சொல்லாதீர்கள். எனக்கு விளையாட்டில் நாட்டம் கிடையாது. அந்த நாட்டில் எத்தனையோ ஊர் இருக்கிறதாம், குகை இருக்கிறதாம், கடல்கூட இருக்கிறதாம். நான் போனதில்லை. எனக்கு எங்கே நேரம்? நான் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன்.

அது பெரிய வேலை. எங்கள் கம்ப்யூட்டரில் மூன்று டிரைவ். சி டிரைவ் சின்னது, ஆனால் வேகமானது, அதில் கணக்கு. டி டிரைவில் என் கணவரின் தங்கை மகனுக்குக் காது குத்தியது, குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகம், அதை யாரும் தொடக்கூடாது. இ டிரைவ் பெரியது, பழையது, யாருக்கும் வேண்டாதது. அதை நான் எடுத்துக்கொண்டேன். விளையாட்டு சி டிரைவில் இருந்தால்தான் ஓடுவேன் என்று அடம்பிடிக்கும். மாட் சேரச் சேர சி டிரைவ் நிறைந்து சிவப்புக் கோடு காட்டும். விளையாட்டையே இ டிரைவுக்குத் தூக்கிப் போட்டால் அதற்கு வழி தெரியாது, திறக்காது. என்ன செய்வீர்கள்?

இணைப்பு என்று ஒன்று இருக்கிறது. சி டிரைவில் அதே பெயரில் ஒரு ஃபோல்டர் இருப்பதுபோல இருக்கும். திறந்தால் எல்லாம் உள்ளே இருக்கும். அளவு கேட்டால் அளவு சொல்லும். ஆனால் உள்ளே ஒன்றுமே கிடையாது. பொருள் பூராவும் இ டிரைவில். சி டிரைவில் இருப்பது வெறும் பெயர்ப்பலகை. பலகை இந்தத் தெருவில், வீடு வேறு தெருவில். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. படத்தின் மூலையில் ஒரு சிறு அம்பு இருக்கும், அவ்வளவுதான். அந்த அம்பை யார் பார்க்கப் போகிறார்கள்? இருக்கவேண்டிய இடத்தில் இருப்பதாக எல்லோரும் நம்புவார்கள். எல்லாம் நன்றாக நடக்கும்.

மாட்களிலும் ஒரு வரிசை இருக்கிறது. ஒன்று கூரைக்கு ஓடு போடும், இன்னொன்று அதே கூரைக்குப் புல் வேயும். இரண்டையும் போட்டால் கடைசியில் ஏறியது எதுவோ அதுதான் நிற்கும். முன்னால் வந்தது அடியில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் இதற்கு நேர்மாறு. முதலில் வந்த மாமியார்தான் நிற்பார். ஒரு மாட் இன்னொன்றோடு ஒத்துப்போகாமல் சண்டை போடும். எது எதோடு சண்டை என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். கழற்றினேன், மாட்டினேன், துடைத்தேன், அடுக்கினேன், பெயர் மாற்றினேன். அடுக்கி முடித்தபின் அந்த அறையில் போய் ஐந்து நிமிடம் சன்னலோரம் நிற்பேன். பனி பெய்யும். அதற்குள் மாமியார் கூப்பிடுவார்.

இப்போது பெயருக்கு வருகிறேன். ஒருநாள் மோகனசுந்தரம் பின்னால் வந்து நின்றார். நான் அடுக்கிக்கொண்டிருந்தேன். திரையில் வெறும் ஃபோல்டர்கள்.

"என்ன அம்மிணி, இத்தன ஃபைலு? தீசிஸா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. தலையையும் ஆட்டவில்லை. கேள்வியை அவரே கேட்டார், பதிலையும் அவரே எடுத்துக்கொண்டு போனார். இதில் என் பொய் எங்கே இருக்கிறது? நீங்களே சொல்லுங்கள்.

அன்று சாயங்காலம் இரண்டு டிரைவிலும் அந்த ஃபோல்டருக்கு ‘தீசிஸ்’ என்று பெயர் வைத்தேன். ஆங்கில எழுத்தில்தான், தமிழில் வைத்தால் பாதி மாட்கள் வேலை செய்யாது. உள்ளே முதல் இயல், விளையாட்டு. இரண்டாம் இயல், மாட்கள். மூன்றாம் இயல், விளையாட்டில் நான் விட்ட இடத்தைக் காத்து வைக்கும் சேமிப்பு, என் வீடு இருப்பது அதில்தான். பின்னிணைப்பில் கழற்றி வைத்தவை. பெயருக்கு ஏற்ப ஏதாவது இருக்க வேண்டுமே, சுத்தப் பொய்யாக இருக்கக்கூடாதே என்று, பழைய பென்டிரைவில் கிடந்த என்னுடைய நிஜமான முதல் இயலையும் உள்ளே போட்டேன். ஒரு சின்ன வேர்டு ஃபைல். ஆகவே அது தீசிஸ்தான். தீசிஸும் இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

நிஜமான தீசிஸ் எதைப் பற்றியா? தறிக் குடும்பங்களில் பெண்கள் சம்பளம் இல்லாமல் செய்கிற வேலை. சோமனூரில் வீடு வீடாகப் போனேன். நேற்று முழுக்க என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "சும்மாதானுங் இருந்தேன்" என்பார்கள். கையில் நூல் சுற்றிக்கொண்டே சொல்வார்கள். எத்தனை பேரைக் கேட்டாலும் அத்தனை பேரும் சும்மா இருந்தார்கள். என் வழிகாட்டிப் பேராசிரியர் தாளைப் பார்த்துவிட்டு, "இத வெச்சு என்னம்மா எழுதுவ? நாள் பூரா யாராவது கூடவே நின்னு பாத்தாத்தான் இதுக்குத் தரவு" என்றார். யார் நிற்பது? அத்தோடு நின்றது. பாவம், பள்ளிக்கூடம் போகாத பெண்கள். தாங்கள் என்ன செய்கிறோம் என்றே அவர்களுக்குத் தெரியாது.

ஒரு நிமிடம், போன்.

"சொல்லுங்க. ம். சூலூர் தாண்டுது. ம், மடிலதான் வெச்சிருக்கேன். இல்லீங்க, யாரும் இடிக்கல. சரி. சரீங்க, வெச்சர்றேன்."

மோகனசுந்தரம்தான். சிங்காநல்லூரில் ஏறியதிலிருந்து மூன்றாவது தடவை. எங்கே விட்டேன்?

தீசிஸ் என்ற பெயர் வந்தபின் வீட்டில் எல்லாம் மாறிவிட்டது. மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்து, குடோனுக்கு டீ போகிறவரை நேரம் எனக்கு என்று ஆயிற்று. மாமியார் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு உதட்டசைவைப் பார்த்தே சீரியல் கதையைப் பிடித்துக்கொள்வார். யாராவது வந்தால் வாசலிலேயே நிறுத்துவார்: "மொள்ளப் பேசுங்க, எங்க மருமவ டாக்டருக்குப் படிக்குது." எதிர்வீட்டுக்காரம்மா முழங்கால் வலிக்கு என்னிடம் மாத்திரை கேட்டார். நான் டாக்டர் இல்லை என்று எத்தனை சொன்னாலும், "இன்னும் முடிக்கலீல்ல, முடிச்ச பொறவு சொல்லு கண்ணு" என்று போவார். இதிலும் நான் யாரிடமும் ஒரு பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

போன மாதம் குடோனில் நூல் சுற்றிய கோன் காணாமல் போயிற்று. கேமரா வைக்கலாம் என்று முடிவாயிற்று. குடோனில் இரண்டு, வீட்டு வாசலுக்கு ஒன்று, பின்கட்டுக்கு ஒன்று. கேமரா மாட்ட வந்தவர், தனிப்பெட்டி எதற்கு, வீடியோவை உங்கள் கம்ப்யூட்டரிலேயே சேமிக்கலாம், ஒரு டிரைவை மட்டும் காலி செய்து கொடுங்கள் என்றார். நான் அன்று நாத்தனார் வீட்டு வளைகாப்புக்கு முறுக்குச் சுடப் போயிருந்தேன். மோகனசுந்தரம் அவசரக்காரர் இல்லை. பொறுமையாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார். இ டிரைவில் தீசிஸ். சி டிரைவிலும் தீசிஸ். இரண்டையும் திறந்திருக்கிறார்: இதிலும் மூன்று இயல், அதிலும் மூன்று இயல். அளவு பார்த்திருக்கிறார், ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஒரே பொருள் எதற்கு இரண்டு இடத்தில்? எப்படியும் ஒன்று பத்திரமாக இருக்கிறதே. இ டிரைவைத் துடைத்துக் கொடுத்துவிட்டார்.

அம்பைப் பார்க்கவில்லை.

நான் இரண்டு நாள் கழித்து, முறுக்கு வேலை முடிந்தபின்தான் கம்ப்யூட்டரைத் தொட்டேன். பெயர் அங்கேயே இருந்தது. அமுக்கினால், அப்படி ஓர் இடம் இல்லை என்று வந்தது. திரும்ப அமுக்கினேன். நான் கத்தவில்லை. குடோனுக்குப் போய் அவரைக் கூப்பிட்டு, தறியை நிறுத்தச் சொன்னேன். எங்கள் குடோனில் பகலில் தறி நின்றால் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். பக்கத்துக் குடோன்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"சீயில ஒண்ணு இருக்குதே அம்மிணி? நான் பாத்துட்டுத்தானே அழிச்சேன்?"

"அது பலகைங்க. வீடு இல்ல."

விளக்கிச் சொன்னேன். புரிய நேரமாயிற்று. புரிந்தபோது அப்படியே நூல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். ஆட்கள் முன்னால் அழுதார். "என்ற கையாலயே உன்ற படிப்ப அழிச்சுப்போட்டேனே." மாமியார் ஓடி வந்து, என்ன ஏது என்று கேட்டு, தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். அங்காளம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தில் கட்டினார். நாத்தனார் போன் பண்ணி, வேலை சொல்வதைத் தவிர என்னோடு பேசாத நாத்தனார், "அண்ணி, எங்க வீட்டு முறுக்கால வந்த வினை" என்று அழுதாள். எல்லோரும் அழுதார்கள். நான் அழவில்லை. நான் என்னவென்று சொல்லி அழுவது? ஒரு சன்னல் போயிற்று என்றா? அந்த நேரத்தில் போய், இல்லை இல்லை, அது தீசிஸ் இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்? நீங்கள் சொல்லியிருப்பீர்களா? சும்மா தலையாட்டாதீர்கள், யோசித்துச் சொல்லுங்கள்.

மறுநாளே அவர் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு காந்திபுரம் போய், எவ்வளவு ஆனாலும் சரி, தோண்டி எடுத்துக் கொடுங்கள் என்று கொடுத்துவிட்டு வந்தார். அதற்குள் இரண்டு நாள் கேமரா ஓடியிருந்தது, பாருங்கள். அழித்த இடத்தின்மேல் வீடியோ எழுதியிருந்தது.

திரும்ப வந்ததும் அவர் சும்மா இருக்கவில்லை. மேலே நூல் மூட்டை போடுகிற அறையைக் காலி செய்தார். வெள்ளையடித்தார். மேசை போட்டார். கதவுக்கு உள்தாழ்ப்பாள் வைத்தார். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, கதவுக்குத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை வேண்டும் என்று நான் கேட்டிருக்கிறேன். எதுக்கு அம்மிணி, நம்ம வீட்டுல யாரு இருக்கறா என்பார். இப்போது கேட்காமலே வைத்திருக்கிறார். என் பேராசிரியர் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துப் போய், பழக்கூடையோடு, பதிவைப் புதுப்பிக்க என்ன வழி என்று விசாரித்திருக்கிறார். ஓர் இயல் கையில் இருந்தால்கூடப் போதும், மனுப் போட்டு நீட்டித்துவிடலாம் என்று அவர் சொன்னாராம். சமையலுக்கு ஓர் ஆள் பார்க்கிறார்கள். "பொழுதன்னைக்கும் நீ மேல இரு கண்ணு, ஒரு வேலையும் பாக்க வேண்டாம், முடிச்சுட்டுத்தான் கீழ எறங்கோணும்" என்கிறார் மாமியார். நேற்று மாடிப்படிக்கு ஐந்தாவது கேமரா வந்துவிட்டது. "உன்ற தீசிஸுக்கு இனி ஒரு ஆபத்தும் வராது அம்மிணி."

நல்லவர்கள். நான்தான் முதலிலேயே சொன்னேனே.

எனக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. வீடு திரும்பக் கிடைக்க வேண்டும், தீசிஸ் கிடைக்கக் கூடாது. விளையாட்டை வேறொரு டிஸ்க்கில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, தீசிஸ் அடியோடு போய்விட்டது என்று வந்து சொன்னால், இரண்டு நாள் துக்கம், அப்புறம் விட்டுவிடுவார்கள். பழையபடி பாத்திரம், பழையபடி டீ, பழையபடி மத்தியானம். அதற்காகத்தான், நானும் வரேன் என்றவரை, தறியில் பாவு நூல் ஏறுகிற நாள், நீங்கள் குடோனில் இருங்கள் என்று நிறுத்திவிட்டுத் தனியாக வந்தேன்.

கடைக்காரர் பெயர் அப்சல். முப்பத்தைந்து வயது இருக்கும், வாய் ஓயாத மனிதர். கடலில் விழுந்த போனைக்கூட எழுப்பியிருக்கிறாராம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்கக்கா, வாங்க! உங்க மூஞ்சி எனக்கு மனப்பாடம்."

எப்படி என்றேன்.

"வீடியோலக்கா. உங்க ஃபைலுக்கு மேல பூரா உங்க வீட்டு வாசலுதான் எழுதிருக்கு. நான் ஓட்டி ஓட்டிப் பாத்தேன். கோலம் போடறீங்க, குடத்த எடுத்துட்டுப் போறீங்க, வர்றீங்க, துணி கொண்டு போறீங்க, தூக்குப்போசில டீ கொண்டு போறீங்க, மாட்டுக்குத் தண்ணி, மறுபடி டீ... ஒருக்காகூட உக்காரலயேக்கா! நம்ம பையன்கிட்டச் சொன்னேன், இந்தக்கா உக்கார்ற வீடியோ கெடச்சா உனக்கு பிரியாணின்னு."

எனக்கு எரிச்சலாக வந்தது. ஒருவர் வீட்டு வீடியோவை உட்கார்ந்து பார்ப்பது என்ன பழக்கம்? இதில் பெரிய கணக்கு வேறு. நீங்களே சொல்லுங்கள், அந்த இரண்டு நாளும் நான் முறுக்கு வேலைக்கு நடுவே வீட்டுக்கும் நாத்தனார் வீட்டுக்குமாக வந்து போய்க்கொண்டிருந்தேன். வீட்டில் குறிப்பாக வேலை என்று எதுவுமே இல்லை. அதைத்தான் அவரிடமும் சொன்னேன். சிரித்தார்.

ஃபைல் என்ன ஆயிற்று என்றேன்.

"பெருசெல்லாம் போச்சுக்கா. துண்டு துண்டா இருக்கு, ஒட்டாது. ஆனா படம் நெறையக் கெடச்சுது. பாருங்க." திரையைத் திருப்பினார். ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னச் சதுரங்கள். கருங்கல். மரப்பட்டை. பனி. ஓடு. கதவுப் பலகையின் ரேகை. நான் தேடித் தேடிப் போட்டவை. எல்லாம் இருந்தது. அதிலிருந்து வீடு மட்டும் கட்ட முடியாது. "ஏங்க்கா, உங்க தீசிஸு கட்டடச் சாமான் பத்தியா?"

மூன்றாம் இயல் வந்ததா என்றேன். என் வீடு இருந்த இடம் அது. அது முதலில் சி டிரைவில்தான் இருந்தது தெரியுமா? விளையாட்டு தானாகவே அங்கேதான் வைக்கும். நான்தான், எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று இழுத்து இ டிரைவில் வைத்தேன். விட்டிருந்தால் இருந்திருக்கும். "அது சுத்தமா இல்லக்கா. அதுக்கு மேலதான் நீங்க வாசக் கூட்டிட்டிருக்கீங்க" என்றார். வேறு பிரதி வைக்கவில்லையா என்று கேட்டார். வைத்திருந்தேன், வெளியே ஒரு டிஸ்க்கில். ஒரே பொருள் எதற்கு இரண்டு இடத்தில் என்று போன மாதம்தான் அழித்தேன். எனக்கு அந்த மாதிரி அரைகுறை ஒழுங்கு பிடிக்காது.

சரி, போனது போகட்டும், டிஸ்க்கைக் கொடுங்கள் என்று கையை நீட்டினேன். அப்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். பிள்ளை பிறந்த செய்தி சொல்லும் நர்ஸ் மாதிரி.

"அதுக்குள்ள என்னக்கா அவசரம்? மெயினான சாமான் கெடச்சிருச்சு!"

வேர்டு ஃபைல். முதல் இயல். சின்னதாக இருந்ததால் ஒரு ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்திருக்கிறது. கேமராகூட அதை மிதிக்கவில்லை. ஓர் எழுத்துப் பழுதில்லை. முதல் பக்கத்தை அச்சடித்தே வைத்திருந்தார். கல்யாணத்துக்கு முந்தைய என் பெயர், தந்தை பெயரின் முதல் எழுத்தோடு.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்கவிடவில்லை. "சொல்லிட்டேன்க்கா! பில்லுல அண்ணன் நம்பர்தான இருந்துச்சு. காலைலயே போட்டுட்டேன். அண்ணன் போன்லயே அழுதுட்டாரு."

அவரும் நல்லவர்.

அதோ, காரணம்பேட்டை. இனி நேரே பல்லடம்தான். பஸ் ஸ்டாண்டில் மோகனசுந்தரம் நிற்பார். மாமியாரும் வருகிறேன் என்றிருக்கிறார், வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா? கேசரி கிண்டியிருப்பார். பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராகப் பேராசிரியர் வீடு, அங்கிருந்து அங்காளம்மன் கோயில், அங்கிருந்து மாடி அறை. தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறது. ஆனால் நான் உள்ளே எழுதிக்கொண்டிருக்கிறேனா என்று கீழே எல்லோரும் காது கொடுத்துக்கொண்டிருப்பார்கள், டிவியை நிறுத்திவிட்டு. என்ன எழுதுவது? தரவே இல்லாத ஒரு தலைப்பில் மனுஷி என்ன எழுத முடியும்? யாராவது நாள் முழுக்க ஒரு பெண்ணின் கூடவே நின்று பார்த்தால்தானே. அப்படி யார் நிற்கப் போகிறார்கள்?

விளையாட்டைத் திரும்ப முதலிலிருந்து நிறுவலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எங்கே நிறுவுவது? இந்த டிஸ்க் இருந்த இடத்தில் வேறொன்று வாங்கி மாட்டியாயிற்று, இ டிரைவ் இப்போது கேமராவுடையது. சி டிரைவில் இடமில்லை. பெயர்ப்பலகை மட்டும் இன்னும் இருக்கிறது. அதை நான் அழிக்கவில்லை. தினம் ஒருமுறை அமுக்கிப் பார்க்கிறேன். அப்படி ஓர் இடம் இல்லை என்கிறது. அது சொல்வதும் பொய்யில்லை.

உங்கள் ஊரில் டிஸ்க் எல்லாம் பஸ்ஸில் தொலைந்துபோவது உண்டா? இல்லை, சும்மா கேட்டேன். மடியில் வைத்துக்கொண்டு வந்தது தூக்கத்தில் நழுவி, சீட்டுக்கு அடியில் போய், கரூர் வரை போய்விட்டால் யார் என்ன செய்ய முடியும்? மனிதர்களுக்கு மறதி சகஜம்.

பல்லடம் வந்துவிட்டது. எழுந்திருக்கிறேன். உங்களை ரொம்ப நேரம் பிடித்து வைத்துவிட்டேன். இனி இரண்டு காதிலும் பாட்டுக் கேட்டுக்கொண்டு போங்கள். சன்னல் பக்கம் நகர்ந்து உட்காருங்கள், பின்னால் திரும்ப வேண்டாம், வருகிறேன்... கொஞ்சம் வழி விடுங்கள், இறங்கணும்... கண்டக்டர், விசில் கொடுக்கலாம், இறங்கியாச்சு, கொடுங்கள்.

என்ன? கேட்கவில்லை. பஸ் கிளம்புகிறது, கையை உள்ளே எடுங்கள்.

பெட்டியா? எந்தப் பெட்டி? வேண்டாம், சன்னலில் நீட்டாதீர்கள், விழுந்துவிடும், பரவாயில்லை, இருக்கட்டும், நீங்கள் போங்கள்... இவர் எப்போது இங்கே வந்தார்?

"குடுங்க, குடுங்க, நான் வாங்கிக்கறேன்! நல்லா இருப்பீங்க தாயி, தெய்வமாட்டப் பாத்து எடுத்துக் குடுத்தீங்க! ஏன் அம்மிணி, இதையப் போயி மறந்து வெச்சுட்டு எறங்குவியா? அப்படி என்னதான் பண்ணிட்டு வந்தே பஸ்சுல?"

"ஒண்ணுமில்லீங்க. சும்மாதான் உக்காந்துட்டு வந்தேன்."